23-வது வளைவில் செயின் தாவினால்: மலைச் சைக்கிள் பயணத்தின் கோளாறுகளும் கைவைத்தியமும்

சேலத்தில் கிளம்பி சங்ககிரிக் கோட்டை, திருச்செங்கோட்டு மலை, நாமக்கல் பாறைக்கோட்டை என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் காரவள்ளியில் கொல்லிமலை ஏறுவது எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்குப் பழகிய சுற்று. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்டிருப்பதால் எனக்கு வரும் போனும் எண்ணோடுதான் வரும்: "அண்ணா, 23-ல நிக்கிறேன், செயின் தாவுது." எப்போது பார்த்தாலும் அதே ஏழெட்டுக் கோளாறுதான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

இங்கே வண்டி என்றால் எட்டு ஒன்பது கியர் உள்ள, 32 முதல் 40 மி.மீ. டயர் போட்ட, பின்னால் கேரியரும் பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையும் கட்டிய சைக்கிள். ஹைட்ராலிக் பிரேக், எலெக்ட்ரானிக் கியர் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே கடையில் காட்டிவிடுங்கள். வழியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே ஒரு விதி முதலில். ஏற்றத்தில் வரும் கோளாறோடு உருட்டிக்கொண்டாவது போகலாம். இறக்கத்தில் வரும் கோளாறுக்கு அந்த இடத்திலேயே இறங்க வேண்டும். "அடுத்த வளைவு வரைக்கும் பார்ப்போம்" என்று போனவர்களைக் கையில் கட்டோடு பார்த்திருக்கிறேன்.

ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் தாவுகிறது

*முதலில் குனிந்து பாருங்கள்.* நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் அறுவடை சமயத்தில் கொள்ளு, சோளம் எல்லாம் ரோட்டிலேயே காயும். போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும். அதன்மேல் ஓட்டிக்கொண்டு போனால் கொள்ளுக்கொடி பின் கியரில் சுற்றிக்கொள்ளும். பின்னால் தொங்கும் இரண்டு குட்டிப் பல்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு பிடி நார் இறுகியிருப்பதை எத்தனையோ முறை பிடுங்கியிருக்கிறேன். கத்தி வேண்டாம், பெடலைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே விரலால் இழுத்தால் வந்துவிடும். கொடி கிடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

*ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் தாவுகிறதா?* அப்படியானால் கேபிள். புதுக் கேபிள் சில நூறு கி.மீ. ஓடியதும் கொஞ்சம் தளரும். பின் கியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் திருகு குமிழ் ஒன்று இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தபடி அதை எதிர்கடிகாரத் திசையில் அரைச் சுற்று. சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் கடிகாரத் திசையில் அரைச் சுற்று. அரைச் சுற்றுக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பொறுமை இல்லாமல் மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டு, எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

*கியர் எதுவானாலும், சீரான இடைவெளியில் ஒரு தாவல்?* செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால், அந்தக் கண்ணி மட்டும் குட்டிப் பல்சக்கரத்தில் மடங்காமல் துள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்துக் கொடுங்கள்.

*இதில் எதுவும் இல்லையா?* வண்டிக்குப் பின்னால் போய் உட்காருங்கள். இரண்டு குட்டிப் பல்சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக் பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, சட்டம் உடையாமல் இருப்பதற்காகத் தான் வளைந்து கொடுக்கும். வண்டி வலப்பக்கம் விழுந்தாலோ, பஸ்ஸில் கியர்ப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்தாலோ இதுதான் கதி. இதைக் கவனிக்காமல் ஏற்றத்தில் மிகச் சின்ன கியருக்குப் போனால், அதாவது பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போனால், பின் கியர் ஸ்போக்குக்குள் நுழைந்துவிடும். எனக்கு ஒருமுறை நடந்தது. ஒரு "கட்" சத்தம், சக்கரம் நின்றது, கியர் இரண்டாக மடிந்து மேலே எழும்பி நின்றது. கோளாறு ஹேங்கரில். விலை போனது ஹேங்கர், கியர், மூன்று ஸ்போக், ஒரு செயின்.

சந்தேகம் இருந்தால் அந்தப் பெரிய பல்சக்கரத்தைத் தொடாமல் ஓட்டுங்கள். உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும். வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

*கடைசியாக, செலவு வைப்பது.* தேய்ந்த செயின். சாதாரண ஸ்கேல் போதும். செயினில் ஒரு ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு சரியாக வர வேண்டும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பல்சக்கரத் தொகுதியும் போய்விட்டது. புதுச் செயினை மட்டும் போட்டால் இன்னும் மோசமாகத் தாவும். இதை மலையில் சரிசெய்ய முடியாது. உருட்டி ஏறுங்கள், அல்லது திரும்புங்கள்.

*எப்போது கடைக்கு:* ஹேங்கரை நிமிர்த்த அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. கியர் சைக்கிள் கடைக்குச் சேலம் வரை போனாலும் பரவாயில்லை. கண்ணால் பார்த்து ஸ்பேனரால் நெம்புகிற யாரையும் கிட்டே விடாதீர்கள்.

வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது

நேற்றுவரை ஏறிய ஏற்றம்தான், இன்று மட்டும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். மூன்று நான்கு சுற்றில் நின்றால் பிரேக் உரசுகிறது. அல்லது சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது அச்சு சரியாக உட்காரவில்லை. அச்சைப் பிடித்திருக்கும் லீவரைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக உட்கார வைத்து, மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். மூட்டையின் நாடா ஒன்று டயரில் உரசுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது என்றால் டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழிந்தால் காற்று குறைவு.

அதுவும் சரியாக இருக்கிறதா? அப்போது கோளாறு வண்டியில் இல்லை. காரவள்ளிக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும், காலையில் இரண்டு இட்லிதான் உள்ளே போயிருக்கும். கடலைமிட்டாய், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், இருபது நிமிடம் நிழல். நடுக்கம், வியர்வை நின்றுபோதல், தலைசுற்றல் என்று வந்துவிட்டால் இருபது நிமிடக் கணக்கெல்லாம் இல்லை. நிழலில் படுக்க வைத்து, தண்ணீரால் உடம்பைக் குளிர்வித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். 108-க்கு அடிக்கத் தயங்க வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக் சரியில்லை

இந்தப் பகுதியை மட்டும் கிளம்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

*கத்துகிறது, ஆனால் பிடிக்கிறது.* ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே கட்டை பிடிக்கும் வகை) என்றால் கட்டையில் மணலோ அலுமினியத் துணுக்கோ ஒட்டியிருக்கும். கட்டையைக் கழற்றி, துணுக்கை ஊசியால் நெம்பி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளில் தேய்த்து மாட்டுங்கள். டிஸ்க் (அச்சருகே உள்ள தட்டைப் பேட் பிடிக்கும் வகை) என்றால் செயினுக்கு விட்ட எண்ணெய் தட்டில் தெறித்திருக்கும். தட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேட் திருந்தாது, மாற்றுங்கள். ஸ்பிரே எண்ணெயைச் செயினுக்கு அடிப்பவர்களுக்குத்தான் இது அடிக்கடி வருகிறது. சொட்டுச் சொட்டாக விடுங்கள் என்றால் கேட்கிறார்களா?

*லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது.* கட்டை தேய்ந்திருக்கிறது அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. முதலில் கட்டையைப் பாருங்கள். ரிம் பிரேக் கட்டையில் பள்ளக்கோடுகள் இருக்கும். அவை மறைந்திருந்தால் ஆயுள் முடிந்தது. டிஸ்க் பேடில் இரும்புத் தகட்டின்மேல் உள்ள பொருள் ஒரு மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். தடிமன் மிச்சம் இருந்தால் லீவர் பக்கத்துக் குமிழை வெளிப்பக்கமாகத் திருகிக் கேபிளை இறுக்குங்கள். கேபிளால் இயங்கும் சாதாரண டிஸ்க்கில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். ஸ்போக் பக்கத்துப் பேட் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைத் தட்டுக்கு அருகே கொண்டுவர உள்பக்கம் தனி மரையாணி இருக்கிறது. இது தெரியாமல் கேபிளையே இறுக்கிக்கொண்டு போவார்கள். தட்டு வளைந்து உரசும், பிரேக்கும் பிடிக்காது.

*முதல் பத்து வளைவு நன்றாகப் பிடித்தது, அப்புறம் பிடிக்கவில்லை, கருகல் வாடை.* சூடு. உடனே நிறுத்துங்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள். டிஸ்க்கில் பேட் மினுமினுப்பாகிப் பிடிமானம் போய்விடும். ரிம் பிரேக்கில் ஆபத்து வேறு: ரிம் சூடாகி டயருக்குள் காற்றழுத்தம் ஏறும், டியூப் வெடிக்கலாம். கைவைத்துப் பார்க்காதீர்கள், கொப்புளம் போடும். ரிம்மின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், சுர்ரென்று போனால் தெரிந்துவிடும். சூடான டிஸ்க் தட்டின்மேல் மட்டும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், வளைந்துபோகும். கால் மணி நேரம் நில்லுங்கள். குரங்குகள் மூட்டையைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுபடி கிளம்பும்போது முறையை மாற்றுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொல்லுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், உடம்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். பத்து வளைவுக்கு ஒரு முறை நின்று தண்ணீர் குடியுங்கள். 70 இறங்க ஏழு முறை. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்.

*மழையில் பிடிக்கவில்லை.* ஐப்பசி கார்த்திகையில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று சுற்று ரிம்மைத் துடைப்பதற்கே போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள்.

*எப்போது கடைக்கு:* ரிம்மின் பக்கச்சுவரில் விரலை ஓட்டினால் குழிவாகத் தெரிந்தால், கேபிளில் லீவர் முனையில் ஓர் இழை அறுந்திருந்தால், லீவரை அழுத்தியபின் திரும்பி வராவிட்டால் இறங்க வேண்டாம். வண்டியைக் குட்டி யானையில் ஏற்றுங்கள்.

காற்று இறங்குகிறது

பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பவர்களும் ஒன்றை மறப்பார்கள்: டியூபைக் கழற்றும்போது வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் வைப்பது. அடையாளம் இருந்தால், டியூபில் ஓட்டை கிடைத்ததும் டயரில் முள் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

*ஓட்டை வெளிப்பக்கம், ஒன்றே ஒன்று.* சீமைக்கருவேல முள். கோட்டை பார்க்கப் போகும்போது வண்டியை ரோட்டோரப் புதரில் சாய்த்தால் வருவது. டயரின் உள்பக்கம் பஞ்சையோ துணியையோ ஓட்டுங்கள். முள் முனை இருந்தால் நூல் மாட்டும். வெறும் விரலை விடாதீர்கள். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டுவிட்டு, அரை கி.மீ.க்குள் மறுபடி இறங்கியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

*பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை.* காற்றுக் குறைவோடு குழியில் இறக்கியிருக்கிறீர்கள். 32 மி.மீ. டயருக்கு, மூட்டையோடு, நான் பின்னால் 65 முதல் 70, முன்னால் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

*ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்து.* ரிம் நாடா நகர்ந்து ஸ்போக் துளை டியூபைக் கடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடானபின் அடிக்கடி வரும். நாடாவை இழுத்துச் சரிசெய்யுங்கள். கிழிந்திருந்தால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் ஊர் வந்து சேரலாம்.

*ஓட்டையே கிடைக்கவில்லை.* தண்ணீரில் முக்குங்கள், வால்வையும் சேர்த்து. எந்த ஊர் சைக்கிள் கடையிலும் வெட்டிய டயரிலோ சட்டியிலோ தண்ணீர் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

அந்தக் கடைகளைப் பற்றி ஒரு விஷயம். உங்கள் டியூபில் ஒல்லி வால்வு இருந்தால் கிராமத்துப் பம்பு சேராது. சேந்தமங்கலம் போகும் வழியில் ஒரு கடையில் பெரியவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, இது ஊசியா வால்வா? நம்ம பம்புக்கு வாய் சேராதுங்களே." மோட்டார் சைக்கிள் வால்வு அளவுக்கு மாற்றும் பித்தளை மூடி ஒன்று உண்டு, விரல்நுனி அளவு, விலையும் சொற்பம். அதை அன்று சேலத்தில் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கைப்பம்பால் முந்நூறு அடி அடித்தேன். இப்போது ஒன்று வால்வின்மேலேயே நிரந்தரமாக இருக்கிறது, இன்னொன்று சாவிக்கொத்தில்.

*எப்போது டயரையே மாற்றுவது:* பக்கச்சுவரில் நூல் தெரியும் வெட்டு இருந்தால். அதுவரை பத்து ரூபாய் நோட்டை மடித்து உள்ளே வைத்து ஓட்டலாம், சமதளத்தில் மட்டும்.

பின்சக்கரம் ஆடுகிறது

பிரேக் கட்டையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உரசல். வண்டியை நிறுத்தி ஸ்போக்குகளை இரண்டு இரண்டாகக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். ஒன்று தொளதொளவென்று இருக்கும், அல்லது உடைந்திருக்கும். பின்சக்கரத்தில், பெரும்பாலும் கியர்ப் பக்கத்தில்தான் உடையும். மூட்டை முழுக்கப் பின்சக்கரத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

தளர்ந்தது மட்டும் என்றால், டயர்ப் பக்கத்திலிருந்து பார்த்தபடி, ஸ்போக்கை ரிம்மோடு பிடித்திருக்கும் நிப்பிளைக் கடிகாரத் திசையில் கால் சுற்று, மறுபடி கால் சுற்று. உடைந்தது என்றால் அதை அகற்றுங்கள், அல்லது பக்கத்து ஸ்போக்கோடு முறுக்கிக் கட்டுங்கள். ரிம் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். உடைந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள எதிர்ப்பக்க ஸ்போக்குகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் உரசல் நிற்கிற அளவுக்குத் திரும்பும். மூட்டையில் பாதியை நண்பர் வண்டிக்கு மாற்றுங்கள். 32 ஸ்போக் சக்கரம் ஒன்று குறைந்தாலும் ஊர் வந்து சேரும். இரண்டு போனால் ஓட்டாதீர்கள்.

*யாரிடம் போவது:* இந்த ஒரு வேலைக்குப் பளபளப்பான ஷோரூமைவிட ஊர்ச் சைக்கிள் கடைதான். கோட்டம் எடுப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. முன்பு சொன்ன அதே பெரியவர், சக்கரத்தைச் சட்டத்திலேயே வைத்து, சாக்பீஸ் துண்டை ரிம்முக்கு அருகே பிடித்துச் சுற்றவிட்டு, கோடு விழுந்த இடத்தில் மட்டும் சாவியை வைத்துத் திருகி, பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். கேரியரைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார்: "இது சைக்கிளுங்களா, சீர்வரிசை வண்டியா?" கியர்ப் பக்க ஸ்போக்கை மாற்றப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும், அந்தச் சாவி அங்கே இருக்காது, நீங்கள் கொண்டு போக வேண்டும். சரியான நீளத்தில் மூன்று ஸ்போக்குகளையும் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருங்கள்.

மிதிக்கும்போது டக் டக்

எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட்டுக்கம்பம்: கழற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் பூசி மாட்டுங்கள். மிதிக்காமல் உருளவிட்டாலும் சத்தம் வந்தால் சக்கரம், ஸ்போக், கேரியர் மரை. மிதித்தால் மட்டும், சுற்றுக்கு ஒரு முறை என்றால் பெடல் அல்லது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை). பெடலைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்து, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

இடது கிராங்கைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் அந்த நிமிடமே இறுக்குங்கள். சதுர அச்சு உள்ள வண்டியில் தளர்ந்த கிராங்கோடு பத்து கி.மீ. போனால் துளை உருண்டுவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்க் அச்சு சுழலும் பெட்டிக்குள் கறகறவென்று மணல் அரைபடுவது போல் கேட்டால் பேரிங் போய்விட்டது. அது அவசரமில்லை, பயணம் முடிந்தபின் கடைக்குப் போகலாம்.

கேரியர் உடைந்துவிட்டது

மரையாணி விழுந்திருந்தால் தண்ணீர்ப் புட்டி மாட்டும் ஆணியைக் கழற்றிப் போடுங்கள். பெரும்பாலும் அதே ஐந்து மி.மீ.தான். கம்பியே உடைந்தால் இரும்புக் கேரியருக்கு இந்தச் சுற்றைவிட நல்ல இடம் கிடையாது. நாமக்கல் லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர், திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளின் ஊர். மூலைக்கு மூலை வெல்டிங் பட்டறை. வெல்டிங் வைப்பதற்கு முன்னால் கேரியரைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுங்கள். அலுமினியக் கேரியர் என்றால் சாதாரணப் பட்டறையில் ஒட்டாது. ஒரு மூங்கில் குச்சியும் பழைய டியூப் துண்டும் வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

எதுவும் சரியாகவில்லை, இறங்க வேண்டும்

சோளக்காட்டில் சந்தை உண்டு. சரக்கு இறக்கப்போகும் குட்டி யானைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். வாடகையை ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியைக் கியர்ப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டு வைத்தால் கியர் உள்ளே ஒடுங்கி நிற்கும். பலாப்பழ மூட்டையை அதன்மேல் அடுக்க விடாதீர்கள். நாமக்கல்லில் இறக்கியதும் பின்னால் உட்கார்ந்து, ஹேங்கர் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.